முதலில் நீங்கள் செலவழியுங்கள், பிறகு தருகிறோம்: சிட்டி கிராண்ட், ஒரு பொருளாளரின் விமர்சனம்

மிக்ஸிக்கு விமர்சனம் எழுதுகிறோம், புதிதாகத் திறந்த தோசைக் கடைக்கு எழுதுகிறோம். ஊர் நகராட்சி தொண்டு அமைப்புகளுக்குக் கொடுக்கும் மானியத்துக்கு யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அமெரிக்காவில் இருக்கும் தமிழர்களில் பலர் இப்போது சனிக்கிழமை காலையில், இலவசமாக உணவுப் பொருள் கொடுக்கும் ஏதாவது ஒரு ஃபுட் பேன்ட்ரியில் அரிசிப் பை கட்டுகிறார்கள். சிலர் அந்த அமைப்புகளின் நிர்வாகக் குழுவிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். கோயில், தமிழ்ச் சங்கம் என்று சொந்தமாகவே சாப்பாடு கொடுப்பவர்களும் உண்டு. கூட்டம் என்று ஒன்று போட்டால் அதில் ஒருவர் கட்டாயம் கேட்பார்: "சிட்டியில கிராண்ட் தர்றாங்களாமே, நாம ஏன் அப்ளை பண்ணக் கூடாது?" அவருக்குத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஈரோட்டுப் பக்கம் ஒரு கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதியவள். மகளோடு இருக்கலாம் என்று வந்து, சும்மா உட்கார முடியாமல், மிட்வெஸ்டில் ஒரு சர்ச்சின் அடித்தளத்தில் நடக்கும் சின்ன அமைப்புக்குப் பொருளாளராக மாட்டிக்கொண்டேன். உணவுப் பொருள் கொடுக்கிறோம். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் கேஸ் பில் கட்ட முடியாமல் வருபவர்களுக்கும், வாடகை பாக்கி விழுந்தவர்களுக்கும் கொஞ்சம் கைகொடுக்கிறோம். சம்பளம் வாங்குபவர்கள் ஒன்றரை பேர். அதாவது ஒருவர் முழு நேரம், இன்னொருவர் அரை நேரம். மற்ற எல்லாரும் என்னைப் போல. நகராட்சி எங்களுக்கு ஒதுக்கியது 22,000 டாலர். ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் சொல்லும் குறைகளில் பாதி, அந்த அலுவலகத்தில் வேலை பார்க்கும் நல்ல மனிதர்களின் கையிலேயே இல்லை.

தீர்ப்பைக் கடைசிவரை ஒளித்துவைக்க எனக்குப் பழக்கமில்லை. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். நான்கு மாதச் செலவைத் தாங்கும் கையிருப்பு உள்ள அமைப்புக்கு இது நல்ல பணம். கையிருப்பு இல்லாத அமைப்பைக் கடனில் இறக்கிவிடும் பணமும் இதுதான். யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்குத்தான் இது மிகவும் ஆபத்து. இந்த ஒரு விஷயம் விண்ணப்பப் படிவத்தில் எங்கும் எழுதியிருக்காது.

சிட்டி கிராண்ட் என்று எல்லாரும் சொன்னாலும் பணம் பெரும்பாலும் சிட்டியுடையது அல்ல. 1974ல் வந்த சட்டத்தின் கீழ் ஃபெடரல் அரசின் ஹட் துறை, அதாவது வீட்டுவசதித் துறை, வருடா வருடம் நகரங்களுக்கு அனுப்பும் பணம் அது. கம்யூனிட்டி டெவலப்மென்ட் பிளாக் கிராண்ட் என்று பெயர். சிடிபிஜி என்றால் எந்த நகராட்சியிலும் புரிந்துகொள்வார்கள். பொதுவாக 50,000 பேருக்கு மேல் இருக்கும் நகரங்களுக்கும் 2,00,000 பேருக்கு மேல் இருக்கும் கவுண்டிகளுக்கும் (நம் மாவட்டம் மாதிரி) நேரடியாக வருகிறது. சின்ன ஊர்களுக்கு மாநில அரசு வழியாக. அண்மை வருடங்களில் நாடு முழுவதற்கும் சேர்த்து ஏறத்தாழ 330 கோடி டாலர். பெரிய தொகை மாதிரித் தெரியும். அத்தனை நகரங்களுக்கும் பிரித்து, அதிலும் நம்மைப் போன்றவர்களுக்கான பங்கை ஒதுக்கிப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

அந்தப் பங்குக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. நகரம் இந்தப் பணத்தில் நடைபாதை போடலாம், வடிகால் கட்டலாம், வசதியில்லாதவர்களின் வீட்டுக் கூரையை மாற்றிக் கொடுக்கலாம். ஆனால் "சேவை" என்ற தலைப்பில் வருவது, அதாவது சாப்பாடு, வீடற்றோர் தங்குமிடத்தை நடத்துவது, குழந்தைகள் காப்பகம், முதியோருக்கு உதவி, வேலைப் பயிற்சி எல்லாம் சேர்த்து, 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. திட்டமிடலுக்கும் நிர்வாகத்துக்கும் நகரம் 20 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளலாம். கணக்கு எழுதியவளுக்கு இது உறுத்தாமல் இருக்குமா? பசிக்கு 15, ஃபைலுக்கு 20. சட்டம் எழுதியவர்கள் செங்கலையும் சிமெண்டையும் மனதில் வைத்து எழுதினார்கள் என்று விளக்கம் சொல்வார்கள். சரி. ஆனால் 2020ல் கொரோனா வந்தபோது காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், இதே திட்டத்தின் வழியே 500 கோடி டாலர் கூடுதலாகக் கொடுத்து, கொரோனா சார்ந்த சேவைகளுக்கு அந்த 15 சதவீத வரம்பை எடுத்துவிட்டது. எடுக்க முடியாத வரம்பு இல்லை என்பது அதிலேயே தெரிந்துபோயிற்று.

வரம்பின் விளைவை நேரில் பார்க்க வேண்டுமென்றால் பொது விசாரணைக் கூட்டத்துக்குப் போங்கள். வருடத்துக்குக் குறைந்தது இரண்டு கூட்டம் நடத்த வேண்டும் என்று விதி. எங்கள் ஊரில் பேசுபவருக்கு மூன்று நிமிடம். மேடையில் சின்ன விளக்கு ஒன்று, பச்சை எரியும், மஞ்சளாகும், சிவப்பாகும். அடிபட்டு வீட்டைவிட்டு வந்த பெண்களுக்குத் தங்குமிடம் நடத்தும் அம்மா ஒருவர் எழுந்தார். அடுத்து, முதியவர்களுக்கு வீட்டுக்கே சாப்பாடு கொண்டுபோகிறவர். அடுத்து நாங்கள். எங்களுக்கு 5,000 டாலர் கூட்டிக் கொடுத்தால் அது அந்த இருவரில் ஒருவர் பங்கிலிருந்துதான் வர வேண்டும். அது மூவருக்கும் தெரியும். வெளியே வந்து மூவரும் கைகுலுக்கிக்கொண்டோம். இதைப் போட்டி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விண்ணப்பம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வரிவிலக்குள்ள தொண்டு அமைப்பு என்று வரித்துறை தரும் 501(சி)(3) கடிதம், நிர்வாகக் குழுவின் பட்டியல், போன வருடக் கணக்கு, என்ன செய்யப்போகிறோம் என்று நாலு பக்கம். யுஇஐ என்ற அடையாள எண் வேண்டும். அதை சாம்.கவ் என்ற அரசுத் தளத்தில் இலவசமாகத் தருகிறார்கள். பணம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பும் தனியார் தளங்கள் ஏராளம், ஒரு சென்ட் கொடுக்காதீர்கள். நகரத்தின் கீழே உபபெறுநராக, அதாவது நகரத்துக்கு வந்த பணத்தில் பங்கு வாங்குபவராக, இருப்பவர்களுக்கு எண் மட்டும் போதும், முழுப் பதிவு தேவையில்லை. அமைப்பின் பெயரில் மாநிலப் பதிவில் "இன்க்" என்று இருந்தால் இங்கேயும் அப்படியே இருக்க வேண்டும், முகவரியும் அப்படியே. அவ்வளவுதான். இன்னொன்று, காப்பீடு. பெரும்பாலான நகரங்கள் பத்து லட்சம் டாலருக்குப் பொதுப் பொறுப்புக் காப்பீடும், அதில் நகராட்சியின் பெயரும் கேட்கும். அந்தப் பிரீமியத்தை முதலிலேயே பட்ஜெட்டில் எழுதிவிடுங்கள்.

பிறகு வருமானப் படிவம். உதவி பெறுபவர்களில் குறைந்தது 51 சதவீதம் பேர் குறைந்த, நடுத்தர வருமானக்காரர்களாக இருக்க வேண்டும் என்று ஹட் சொல்கிறது. அந்தப் பகுதியின் இடைநிலை வருமானத்தில் 80 சதவீதத்துக்குள் இருப்பவர்கள் என்று பொருள். குடும்பத்தில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து வருடா வருடம் அட்டவணை வெளியிடுகிறார்கள். 51 போதும் என்று ஹட் சொன்னாலும் பல நகரங்கள் வருகிற ஒவ்வொருவரிடமும் படிவம் கேட்கின்றன. எங்கள் ஊரும் அப்படித்தான். வருமானம் 30 சதவீதத்துக்குள்ளா, 50க்குள்ளா, 80க்குள்ளா, இனம் என்ன, குடும்பத் தலைவர் பெண்ணா, இத்தனையும் கேட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும்.

ஒரு நாள் இலங்கைத் தமிழ் அம்மா ஒருவர் வந்திருந்தார். மருமகன் வீட்டில் இருக்கிறார், அந்த வீட்டிலேயே மருமகனின் தம்பி குடும்பமும் இருக்கிறது. "அம்மா, வீட்ல எத்தன பேருங்க?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சமைக்கேக்கையோ, படுக்கேக்கையோ தங்கச்சி?" என்றார். ஹட் அட்டவணை தயாரித்தவர்கள் யாரும் இந்தக் கேள்விக்குத் தயாராக இருந்திருக்க மாட்டார்கள். அரை மணி நேரம் பேசி ஒரு எண்ணுக்கு வந்தோம். வரிசையில் பின்னால் நின்றவர்கள் பொறுமையாக இருந்தார்கள். வரிசையில் நிற்பவர்களுக்கு இந்தப் பொறுமையை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இதில் ஒரு நல்ல வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. சில பிரிவினரைக் குறைந்த வருமானக்காரர்கள் என்று விதியே முன்கூட்டி ஏற்றுக்கொள்கிறது: முதியவர்கள், வீடற்றவர்கள், கணவன் அல்லது மனைவியால் துன்புறுத்தப்பட்டவர்கள், துன்புறுத்தப்பட்ட குழந்தைகள், கடுமையான உடற்குறை உள்ள பெரியவர்கள், எழுத்தறிவில்லாத பெரியவர்கள், எய்ட்ஸ் நோயுடன் வாழ்பவர்கள், ஊர் ஊராகப் போய் வேலை செய்யும் பண்ணைத் தொழிலாளர்கள். இவர்களுக்கு மட்டும் என்று ஒரு சேவையைத் தனியாக நடத்தினால் வருமானக் கேள்வியே வேண்டாம். நாங்கள் முதியவர்களுக்கு வீட்டுக்குக் கொண்டுபோகும் பெட்டியைத் தனித் திட்டமாகப் பிரித்தோம். காகிதம் பாதியாகக் குறைந்தது. எங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் நகராட்சியில் இந்த மானியத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணிதான். போன் செய்தால் எடுப்பார், எடுக்க முடியாவிட்டால் அன்றைக்கே திருப்பிக் கூப்பிடுவார். மூன்று நட்சத்திரத்தில் ஒன்று முழுக்க அவருடையது.

இனி மூன்றாகக் குறைந்ததற்கான காரணம்.

இந்த மானியம் முன்பணமாக வருவதில்லை. நாம் முதலில் நம் காசில் அரிசி வாங்க வேண்டும், சம்பளம் கொடுக்க வேண்டும், கேஸ் கம்பெனிக்குக் கட்ட வேண்டும். மாத முடிவில் இன்வாய்ஸ் போட்டு, ரசீது, செக் நகல், வங்கி அறிக்கை, டைம்ஷீட், சம்பளப் பதிவேடு எல்லாம் இணைத்து அனுப்ப வேண்டும். அவர்கள் சரிபார்த்து, நிதிப் பிரிவுக்கு அனுப்பி, பிறகு பணம் வரும். எங்களுக்கு முதல் இன்வாய்ஸுக்குப் பணம் வர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆயிற்று. அதற்குள் இன்னும் இரண்டு மாதச் செலவு கையை விட்டுப் போய்விட்டது. வங்கியில் இருந்தவளாகச் சொல்கிறேன், இதற்கு மானியம் என்று பெயர் வைத்திருந்தாலும் நடப்பது என்னவோ, ஏழு லட்சம் டாலர் கையில் வைத்திருப்பவருக்கு எழுபதாயிரம் வைத்திருப்பவர் வட்டியில்லாமல் கடன் கொடுப்பதுதான்.

ஒப்பந்தமே தாமதமாகத்தான் வரும், அது தனிக் கதை. எங்கள் ஊரில் திட்ட வருடம் ஜூலை 1ல் தொடங்குகிறது. காங்கிரஸ் பட்ஜெட்டை இழுத்தடித்தால் ஹட் ஒதுக்கீட்டைச் சொல்லத் தாமதமாகும். அது தெரியாமல் நகரம் தன் ஆண்டுத் திட்டத்தை முடிக்க முடியாது. திட்டத்தை மக்கள் பார்வைக்கு 30 நாள் வைத்திருக்க வேண்டும், பிறகு கவுன்சில் வாக்கெடுப்பு, பிறகு ஹட்டுக்கு அனுப்ப வேண்டும். எல்லாம் முடிந்து எங்கள் கையில் ஒப்பந்தம் வந்தபோது வெளியே இலை உதிர்ந்து முடிந்திருந்தது. ஜூலையிலிருந்து செய்த செலவுக்குப் பணம் தருவார்களா என்பதே அப்போதுதான் உறுதியானது. பசித்து வருகிறவரிடம் அக்டோபரில் வாருங்கள் என்று சொல்ல முடியுமா?

ரசீதுப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். மொத்த விற்பனைக் கடையில் அரிசி, பயறு, டப்பா பால் எல்லாம் வாங்கிய ஒரு நீண்ட பில். அதன் நடுவில் 3 டாலர் 49 சென்டுக்குப் பெட்டி ஒட்டும் டேப் ஒன்று. எங்கள் பட்ஜெட்டில் "உணவு" என்று ஒரு வரி, "அலுவலகப் பொருட்கள்" என்று ஒரு வரி. டேப் உணவு இல்லை என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த ஒரு டேப்புக்காக அந்த மாத இன்வாய்ஸ் முழுவதும் திரும்பி வந்தது. டேப்பை நீக்கிவிட்டு மீதியைக் கொடுங்கள் என்றால், திருத்திய இன்வாய்ஸ் புதிய தேதியோடு வர வேண்டும், வரிசையில் மறுபடியும் பின்னால் நிற்க வேண்டும். எங்களோடு சனிக்கிழமை பெட்டி தூக்கும் கோபிச்செட்டிப்பாளையத்துப் பெரியவர் ஒருவர் இருக்கிறார், இந்தக் கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏனம்மிணி, குடுக்கறேன்னு சொன்ன காசக் குடுக்கறதுக்கு இத்தன கடுதாசியா? இதுக்கு அந்த டேப்ப நானே வாங்கிக் குடுத்திருப்பனே." இப்போது அவர்தான் டேப் வாங்கிக் கொடுக்கிறார். கேலியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே.

பில்லை வாங்கிய அன்றே நகல் எடுத்துவிடுங்கள். வெப்பத்தில் அச்சாகும் அந்தக் காகிதம் கார் டேஷ்போர்டில் ஒரு வாரம் கிடந்தால் வெள்ளைத் தாளாகிவிடும்.

டைம்ஷீட்டிலும் ஒரு நுணுக்கம். எங்கள் முழு நேர ஊழியரின் சம்பளத்தில் ஒரு பகுதியை மானியத்தில் காட்டுகிறோம். "மாதம் 30 சதவீதம்" என்று குத்துமதிப்பாக எழுதி அனுப்பினால் ஏற்கமாட்டார்கள். ஃபெடரல் விதி, பட்ஜெட் மதிப்பீட்டை மட்டும் ஆதாரமாக ஏற்பதில்லை. உண்மையில் எந்த நாளில் எத்தனை மணி நேரம் இந்த வேலைக்குப் போயிற்று என்ற பதிவு வேண்டும். நியாயம்தான், எங்கள் வங்கியிலும் இப்படித்தான் கேட்டிருப்போம். ஆனால் அவர் ஒரே நேரத்தில் போனில் வாடகைப் பிரச்சினையைக் கேட்டுக்கொண்டே அரிசி லாரிக்குக் கதவைத் திறந்துவிடுகிறவர். எந்தக் கட்டத்தில் எழுதுவது?

வாடகை, கேஸ் பில் உதவியிலும் சட்டம் ஒரு கோடு போட்டிருக்கிறது. சிடிபிஜி பணத்தை உதவி கேட்டு வருபவரின் கையில் கொடுக்கக் கூடாது. அவசர உதவியாக, தொடர்ச்சியாக மூன்று மாதம் வரை, வீட்டுக்காரருக்கோ கேஸ் கம்பெனிக்கோ நேரடியாகக் கட்டலாம். இது எனக்குப் பிடித்த விதி. பில் நிச்சயம் அடைபடுகிறது, யாரையும் சந்தேகமாகப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டுக்காரரிடம் டபிள்யூ-9 வரிப் படிவம் வாங்க வேண்டும். வாடகை வருமானத்தை யாருக்கும் சொல்லாமல் இருக்கும் வீட்டுக்காரர் அதைத் தரமாட்டார். அப்படி ஒருவர் தராததால் மானியப் பணம் இருந்தும் தொட முடியாமல், எங்கள் சொந்த நன்கொடைப் பணத்திலிருந்து அந்த வாடகையைக் கட்டினோம். கேஸ் கம்பெனிகளோடு இந்தத் தொந்தரவு இல்லை. அதனால் இப்போதெல்லாம் மானியத்தை கேஸ் பில்லுக்கும் நன்கொடையை வாடகைக்கும் என்று பிரித்துக்கொண்டோம். அமைப்புகளுக்கு என் ஆலோசனையும் இதுதான்: எந்தக் காசு எதற்குச் சுலபமாகப் போகுமோ அதற்கு அதை வையுங்கள்.

(இதற்கெல்லாம் நடுவே சுற்றுச்சூழல் ஆய்வுக் கோப்பு ஒன்றும் உண்டு. அரிசிப் பை கொடுப்பதால் சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு இல்லை என்று நகராட்சி எழுதி வைக்க வேண்டும். எழுதி வைக்கிறார்கள். நமக்கு வேலையில்லை.)

இப்போது எனக்கு உண்மையாகவே கோபம் வரும் இடத்துக்கு வருகிறேன். முன்பணம் தரச் சட்டம் இடம் கொடுக்கவில்லை என்றுதான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தோம், எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். ஃபெடரல் மானியங்களுக்கான பொது விதி 2 சிஎஃப்ஆர் 200 என்பது. அதில் 305ஆம் பிரிவை எடுத்துப் படித்தேன். நேர்மாறாக இருக்கிறது. ஒழுங்கான கணக்கு முறையும், பணம் வந்ததும் தாமதமில்லாமல் செலவழிக்கும் எழுத்துபூர்வமான நடைமுறையும் இருந்தால், பெறுபவருக்கும் உபபெறுநருக்கும் முன்பணம் தர வேண்டும் என்பதுதான் அடிப்படை. அந்த நிபந்தனைகள் நிறைவேறாதபோதுதான் செலவழித்த பிறகு ஈடுகட்டும் முறை. அப்படி ஈடுகட்டும்போதும், கோரிக்கையில் தவறு இருப்பதாகக் கருத நியாயமான காரணம் இல்லாவிட்டால், வந்து சேர்ந்த 30 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. நகரங்கள் ஈடுகட்டும் முறையைப் பிடித்துக்கொண்டிருப்பது தங்களுக்கு அது பாதுகாப்பு என்பதால். எங்காவது ஓர் அமைப்பு பணத்தைத் தின்றுவிட்டால் ஹட் நகரத்திடம்தான் திருப்பிக் கேட்கும். அந்தப் பயம் புரிகிறது. ஆனால் அந்தப் பயத்துக்கான செலவைச் சர்ச் அடித்தளத்தில் இருப்பவர்கள் சுமக்கிறார்கள்.

வழியில்லாமல் இல்லை. நியூயார்க் நகரத்தில், ஒப்பந்தப் பணம் வரும்வரை தாக்குப்பிடிக்க அமைப்புகளுக்கு வட்டியில்லாமல் முன்தொகை கொடுத்து, பிறகு பிடித்துக்கொள்ளும் ஒரு சுழல் நிதியே வைத்திருக்கிறார்கள். நியூயார்க்கின் தாமதங்கள் ஊரறிந்தவை, அதனால்தான் அந்த நிதி தேவைப்பட்டது என்றும் சொல்லலாம். எங்கள் அளவு ஊருக்குப் பெரிய சுழல் நிதி வேண்டாம். முதல் மூன்று மாதத் தொகையை முன்பணமாகக் கொடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

மேல்செலவு பற்றியும் ஒரு வார்த்தை. வாடகை, கரண்ட், கணக்குப் பார்ப்பது என்று எந்தத் திட்டத்திலும் நேரடியாக ஒட்டாத செலவுக்கு, தனியாகப் பேசி முடித்த விகிதம் இல்லாத அமைப்புகள் 10 சதவீதம் வரை கேட்கலாம் என்று இருந்தது. 2024 அக்டோபர் 1 முதல் அது 15 சதவீதம். நகரம் அதைவிடக் குறைவாக வாங்கிக்கொள் என்று உங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் விதியில் இருக்கிறது. விண்ணப்பப் படிவத்தில் அதற்கு வரியே இல்லாவிட்டாலும் கேளுங்கள். நாங்கள் கேட்டோம், கொடுத்தார்கள்.

எல்லா நகரமும் ஹட்டை மட்டும் நம்பி இருக்கவில்லை என்பதும் தெரிந்திருப்பது நல்லது. சியாட்டில் 2018 ஜனவரி முதல் இனிப்புக் குளிர்பானங்களுக்கு வரி போட்டு, அதிலிருந்து உணவு வங்கிகளுக்கும் காய்கறி, பழம் கிடைக்கச் செய்யும் திட்டங்களுக்கும் கொடுக்கிறது. டென்வரில் அதே 2018ல் மக்களே வாக்களித்து, நூறு டாலருக்கு எட்டு சென்ட் என்று விற்பனை வரியைக் கூட்டி, குழந்தைகளின் உணவுக்கு என்று தனி நிதி உருவாக்கினார்கள். சொந்த வரிப் பணத்தில் 15 சதவீத வரம்பு கிடையாது, ஹட் அட்டவணையும் கிடையாது, நகரமே விதியை எழுதிக்கொள்ளலாம். உங்கள் ஊரில் சிடிபிஜி மட்டும்தானா, பொது நிதியிலிருந்தும் கொடுக்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். இரண்டாவது இருந்தால் அதற்கே முதலில் போடுங்கள்.

கோயில்காரர்கள் கேட்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மத அமைப்பு என்ற காரணத்துக்காக உங்களை ஒதுக்கக் கூடாது, மற்றவர்களோடு சமமாக விண்ணப்பிக்கலாம். ஆனால் பூஜையும் பிரசங்கமும் இந்தப் பணத்தில் நடக்கும் சேவையிலிருந்து நேரத்தாலோ இடத்தாலோ பிரிந்திருக்க வேண்டும், வருபவர்களுக்கு அது கட்டாயமாக இருக்கக் கூடாது, எந்த மதத்தவர் வந்தாலும் கொடுக்க வேண்டும். பூஜை முடியும்வரை உட்கார்ந்திருந்தால்தான் சாப்பாடு என்பது நடக்காது. நம் கோயில்களில் அன்னதானத்துக்கு யாரும் சாதி மதம் கேட்பதில்லை, அதனால் இது பெரிய மாற்றமில்லை. பெரிய மாற்றம் கணக்கில்தான் வரும். உண்டியல் பணத்தையும் இந்தப் பணத்தையும் ஒரே கணக்கில் போட்டுக் கலக்கும் பழக்கம் இருந்தால், விண்ணப்பத்துக்கு முன் அதை நிறுத்திவிடுங்கள்.

நிரந்தரமா இந்தப் பணம்? 2017லும் 2025லும் வெள்ளை மாளிகையின் பட்ஜெட் முன்மொழிவு சிடிபிஜியை முழுக்க நீக்கச் சொன்னது. 2017ல் காங்கிரஸ் கேட்கவில்லை, 2018 நிதியாண்டுக்கு முன்பைவிடக் கூட்டியே கொடுத்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் எங்களைப் போன்ற இடங்களில் ஆறு மாதம் யாரும் புதிதாக ஆள் எடுப்பதில்லை. சம்பளத்தை இந்தப் பணத்தில் தொங்கவிடாதீர்கள். அரிசியையும் கேஸ் பில்லையும் போடுங்கள், நின்றுபோனால் அளவைக் குறைக்கலாம், ஆளை அனுப்ப வேண்டியதில்லை.

மூன்றில் ஒரு நட்சத்திரம் அந்தப் பெண்மணிக்கு என்றேன். இன்னொன்று, இந்தப் பணம் வந்த பிறகு எங்கள் கணக்கு அடைந்த சுத்தத்துக்கு. நகராட்சி வந்து ஃபைல்களைப் புரட்டிப் பார்த்துச் சரியென்று கடிதம் கொடுத்தது, அதைக் காட்டியதும் ஒரு தனியார் அறக்கட்டளை அதிகம் கேட்காமல் கொடுத்தது. அவர்கள் முன்பணமாகவே கொடுத்தார்கள். மூன்றாவது நட்சத்திரம் பணத்துக்கே, என்ன இருந்தாலும் 22,000 டாலர் 22,000 டாலர்தான்.

அடுத்த வருடமும் போடுகிறோம். ஆண்டுத் திட்டம் மக்கள் பார்வைக்கு வந்த 30 நாளில் 305ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, முதல் காலாண்டுக்கு முன்பணம் வேண்டும் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறோம். வந்த கருத்துகளைத் தொகுத்துத் திட்டத்தோடு ஹட்டுக்கு அனுப்ப வேண்டும், ஏற்காதவற்றுக்குக் காரணமும் எழுத வேண்டும். அதனால் ஏதாவது ஒரு பதில் நிச்சயம் வரும். நீங்கள் போடுவதாக இருந்தால், ஜூலையில் வருடம் தொடங்கும் ஊர்களில் அறிவிப்பு பெரும்பாலும் குளிர்காலத்திலேயே வந்துவிடும். நகராட்சியின் சமுதாய வளர்ச்சிப் பிரிவின் மின்னஞ்சல் பட்டியலில் இப்போதே பெயரைச் சேர்த்துவிட்டு, கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: முன்பணம் உண்டா, இன்வாய்ஸ் வந்த எத்தனை நாளில் கட்டுகிறீர்கள், ஒரு ரசீதில் தவறு இருந்தால் அந்த ரசீதை மட்டும் நிறுத்துவீர்களா, மொத்தத்தையுமா?